முழவுக்குத் தோல் தந்த கைகள்



திருவிழா என்பது இறைவன் கோயிலை விட்டு வெளியே எழுந்தருளும் காலம். கருவறைக்குச் செல்ல இயலாத முதியோரும், நோயுற்றோரும், வாயிற்படியைத் தாண்டத் தயங்கி நின்றோரும் காணும் பொருட்டுப் பெருமான் தாமே தெருவுக்கு வருகின்றார். அவர் வரும்போது தனியே வருவதில்லை. தச்சர் செதுக்கிய தேரில் வருகின்றார். நெசவாளர் நெய்த ஆடையை உடுத்து வருகின்றார். பூக்கட்டுவோர் தொடுத்த மாலையைச் சூடி வருகின்றார். முழவொலி முன்னே செல்லப் பின்னே வருகின்றார். ஓர் ஊரின் கைத்தொழில்கள் அனைத்தும் ஒரே நாளில் ஒரே தெருவில் கூடும் இடம் திருவிழாவே ஆகும். ஆதலின், திருவிழாவைக் காண்போர் தெய்வத்தைக் காண்பதோடு, அத்தெய்வத்துக்கு அணி செய்த கைகளையும் காணுதல் வேண்டும். இக்கருத்தையே இன்று பாலாற்றங்கரையை முன்வைத்துச் சிந்திக்க விரும்புகின்றேன்.

கன்னட நாட்டு நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர மண்ணைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்னும் ஊர்களின் வழியே கடலை நோக்கிச் செல்வது பாலாறு. இவ்வாற்றங்கரையில் ஆண்டு முழுவதும் விழாக்களுக்குக் குறைவில்லை. மாசி மாதத்தில் மகாசிவராத்திரி கழிந்த அமாவாசையன்று மயானக் கொள்ளை நிகழ்கின்றது. காளி வேடம் புனைந்தோர் ஆட, பம்பையும் உடுக்கையும் முழங்க, அங்காளம்மை ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எழுந்தருளுகின்றாள். பங்குனி சித்திரையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதச் சொற்பொழிவும் தெருக்கூத்தும் நடைபெறுகின்றன. களிமண்ணால் துரியோதனன் உருவைத் தரையிற் பரப்பி, படுகளம் நடத்தி, தீமிதியோடு அவ்விழா நிறைவெய்தும். சித்திரைப் பௌர்ணமியில் வேலூர் நகரத்தில் பல கோயில்களின் மூர்த்திகள் பூப்பல்லக்கில் உலா வருவர். இரவெல்லாம் கண் விழித்துப் பூத்தொடுப்போரின் விரல் நயத்தை அப்பல்லக்குகளிற் காணலாம். கார்த்திகைக் கடை ஞாயிறன்று விரிஞ்சிபுரத்துச் சிம்ம தீர்த்தத்தில் மகப்பேறு வேண்டும் மகளிர் நீராடி, மார்க்கபந்தீசுவரரை வணங்குவர். அவ்வூர்த் திருமதிலின் அழகைப் பேசாத நாட்டார் இல்லை.

இவ்விழாக்களோடு ஒட்டியே இப்பகுதியின் கைத்தொழில்களும் வளர்ந்தன. குடியாத்தத்துத் தறிகள் கைலிக்குப் பெயர் பெற்றவை. காட்பாடியை அடுத்த கரிகிரியின் மட்பாண்டங்கள் பச்சையும் நீலமுமாகிய மெருகுக்குப் பெயர் பெற்றவை. ஆயினும், இந்த நாட்டை உலகமெல்லாம் அறியச் செய்தது தோல் தொழிலேயாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றைச் சூழ்ந்த ஊர்களில் இசுலாமிய வணிகப் பெருமக்கள் முதலீடு செய்ய, உழைக்கும் மக்கள் உடலை வருத்த, தோல் பதனிடும் தொழில் ஓங்கி வளர்ந்தது. முற்காலத்தில் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் இட்டுப் பதப்படுத்தினர். பொங்கற்காலத்தில் நம் இல்லங்களில் இடம்பெறும் ஆவாரம்பூவின் செடியே தோலுக்கும் பட்டை தந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பூ பூசைக்கு, பட்டை தோலுக்கு. செடி ஒன்றே.

தோல் என்றதும் சிலர் முகம் சுளிப்பர். அவர்களை ஒரு வினா கேட்கின்றேன். தோல் இல்லாத திருவிழா உண்டா? மயானக் கொள்ளையில் முழங்கும் பம்பை தோல். பூப்பல்லக்கின் முன் ஒலிக்கும் தவில் தோல். கூத்துக்கு அடிக்கும் மிருதங்கம் தோல். மிருதங்கம் ஒன்றைச் செய்வதற்குப் பலாமரத்தைக் குடைந்து, பசு, ஆடு, எருமை என்னும் மூவகைத் தோலையும் அளவறிந்து வெட்டி, மூட்டுகள் கட்டி, எருமைத்தோல் வாரால் இழுத்து இறுக்குகின்றனர். பின்னர் வலந்தலையிற் கிட்டக்கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக வைத்துத் தேய்த்துக் கரணை இடுகின்றனர். ஒரு மயிரிழை கனம் மிகுந்தாலும் சுருதி பிசகிவிடும். வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் அச்சாகின்றது. மூட்டியவர் பெயர் எங்கும் அச்சாவதில்லை.

நம் பெருமானோ தோலை வெறுத்தவர் அல்லர். புலித்தோலை அரைக்கசைத்தவர் அவர். யானையின் தோலை உரித்துப் போர்த்தவர் அவர். அவ்வீரம் நிகழ்ந்த வழுவூர் அட்டவீரட்டானத் தலங்களுள் ஒன்று. கூத்தப்பிரானின் வலக்கையில் இருப்பது துடி. அதன் இருமுகமும் தோல். அத்துடியிலிருந்தே படைப்புத் தோன்றியது என்று உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த சாத்திரம் தெரிவிக்கின்றது. வேலூருக்கு வடகிழக்கே உள்ள திருக்காளத்தியில், வேடர் பெருமானாகிய கண்ணப்பர், முந்தைய பூசையின் மலர்களைச் செருப்பணிந்த திருவடியால் நீக்கினார். அச்செருப்படியை இறைவன் மகிழ்ந்தேற்றதை மணிவாசகப் பெருமானும் பாடியுள்ளார். தோற்செருப்பு தீண்டியதால் காளத்தியப்பர் குறைந்துவிடவில்லை, தோல் உயர்ந்தது.

இனி, தோலையே திருத்தொண்டாகக் கொண்ட அடியார் ஒருவரைக் காண்போம். அவரே திருநாளைப்போவார் எனப் போற்றப்பெறும் நந்தனார். ஆதனூரிற் புலையர் குலத்திற் பிறந்த அப்பெரியார், சிவபெருமான் கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்வைத் தோலும், அவற்றை இறுக்கும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார் என்று சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். இதனை ஆழ்ந்து நோக்குக. கோயிலின் இசை முழுவதும் அவர் கையிலிருந்தே உள்ளே சென்றது. கை மட்டும் வெளியே நின்றது.

இவ்விடத்தில் அடியேனுடைய குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் நந்தனார் சரித்திரத்தை இரண்டு மணி நேரம் விரித்துரைத்தேன். திருப்புன்கூரில் நந்தி விலகியதைச் சொன்னபோது கூட்டம் உருகியது. தில்லையில் அவர் தீயில் மூழ்கி முனிவர் கோலத்தோடு எழுந்ததைச் சொன்னபோது பலர் கண்ணீர் வடித்தனர். நானும் என் பேச்சில் நானே மகிழ்ந்து மேடையை விட்டு இறங்கினேன். தேர்நிலைக்கு அருகில், மேளக்காரரின் தவிலைச் சீர் செய்ய வந்திருந்த முதியவர் ஒருவர் தோளில் வாரோடு நின்றிருந்தார். அவர் கைகூப்பிச் சொன்னார்: “சாமி, நல்லாச் சொன்னீங்க. ஒரு சந்தேகம். நந்தனார் உள்ளே போக நெருப்பில குளிச்சார். அவர் குடுத்த தோலு அதுக்கு முன்னாலேயே உள்ளே போயிடுச்சே, அது எந்த நெருப்பில குளிச்சுது?”

எனக்கு விடை வரவில்லை. வித்துவான்களிடம் பாடம் கேட்ட நாக்கு அன்று அசையவில்லை. “பிறகு சொல்கிறேன் பெரியவரே” என்று நழுவினேன். அவரை மீண்டும் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. ஆதலின், அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை ஒவ்வொரு திருவிழாவிலும் ஊராருக்குச் சொல்லி வருகின்றேன். அவ்விடை இதுதான்: தோலுக்குத் தீ வேண்டியிருக்கவில்லை; நந்தனாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தீ வேண்டியிருந்தது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே. எழுந்து வந்த நாயனாரைத் தில்லைவாழந்தணர்கள் கைதொழுதனர் என்கின்றார் சேக்கிழார். அத்தீ அவர் உடலின் மாசை எரிக்கவில்லை. ஊரார் கண்ணின் படலத்தை எரித்தது.

அப்படலம் முற்றும் எரிய நெடுங்காலம் ஆயிற்று. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அவர்கள் ஒதுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக் கோயில்களின் கதவுகள் அனைவர்க்கும் திறந்தன. ஏட்டில் திறந்த கதவு எல்லா ஊரிலும் திறந்திருக்கின்றதா என்பதை அவரவர் நெஞ்சு அறியும்.

பாமர மக்கள் இவ்வுண்மையைத் தம் விழாவிலேயே பொதிந்து வைத்திருந்தனர். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடைபெறுகின்றது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசு, பறையும் பம்பையும் முழங்க, சிலம்பமும் புலியாட்டமும் முன்னே செல்ல, கோபாலபுரத்துக் கோயிலை அடைந்து உடலோடு பொருத்தப்படும். வெட்டுண்ட இரேணுகையின் தலை, அவளோடு வெட்டுண்ட ஒதுக்கப்பட்ட குலத்துப் பெண்ணின் உடலிற் பொருந்தியது என்பது அவ்விழாவின் வரலாறு. தலை முனிவர் பத்தினி. உடல் சேரிப் பெண். கும்பிடப்படுவது ஒரே தாய். இதை விளக்க நூல் வேண்டுமா? ஆண்டுதோறும் தெருவில் நடந்து காட்டுகின்றனர் அன்றோ!

வேலூர்க் கோட்டைக்கு வாருங்கள். அங்கும் தோல் ஒரு கதை சொல்கின்றது. கும்பினியார் ஆட்சியிற் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி அணியலாகாது என்றும், தோற்குஞ்சம் பொருந்திய புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. திருநீற்றை அழிக்கச் சொன்ன அவ்வாணையும் 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வெடித்த புரட்சிக்கு ஒரு காரணமாயிற்று. இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே எழுந்தனர். பல நூறு உயிர்கள் மாண்டன. முழவிற் போர்த்தபோது வணங்கிய தோலைத் தலையில் திணித்தபோது ஏன் வெறுத்தனர்? அன்பினால் கொடுப்பது திருத்தொண்டு. அதிகாரத்தால் சுமத்துவது அவமதிப்பு. பொருளில் குற்றம் இல்லை.

அக்கோட்டையினுள் 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின்கீழ் இருந்த நாயக்கர் காலத்தில் எழுந்தது சலகண்டேசுவரர் திருக்கோயில். அதன் கல்யாண மண்டபத்தில் பாயும் குதிரை வீரரையும், யாளிகளையும், விதானத்துத் தாமரையைச் சூழ்ந்த கிளிகளையும் கண்டோர் இமை கொட்ட மறப்பர். ஆயினும், போர்களின் விளைவாகப் பல நூற்றாண்டுகள் அக்கோயிற் கருவறையில் மூர்த்தி இல்லை. சிற்பம் இருந்தது, விளக்கு இல்லை. அடியேன் இளமையில் அங்குச் சென்றபோது, வெளிநாட்டார் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். வௌவால்களின் ஒலியன்றி வேறொலி கேட்கவில்லை. 1981ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சத்துவாச்சாரியில் வைத்துப் போற்றப்பெற்ற சிவலிங்கத் திருமேனி மீண்டும் கோட்டைக்கு எழுந்தருளியது. ஊர் திரண்டு வந்தது, தீபம் ஏறியது, மேளம் முழங்கியது. அதே கற்கள்தாம், ஆனால் அன்றுதான் அவை கோயிலாயின. வழிபாடு இல்லாத கலை காட்சிப்பொருளாய்க் கிடக்கும் என்பதை வேலூர் கண்ணாரக் கண்டது.

அன்பர்களே! அன்று கலை இருந்தது, வழிபாடு இல்லை. இன்றோ வழிபாடு இருக்கின்றது, கலையை நாமே வெளியேற்றுகின்றோம். பல கோயில்களில் தீபாராதனை வேளையில் விசையை அழுத்தியதும் மின்சாரப் பெட்டி ஒன்று முரசையும் மணியையும் தானே அடிக்கின்றது. சம்பளம் கேட்பதில்லை, களைப்பதில்லை என்று பெருமை பேசுகின்றோம். நந்தனார் தோல் கொடுத்த திருத்தொண்டை ஒரு விசைக்கு விற்றுவிட்டோம். அடிப்பவர் போனால் மூட்டுபவர் போவார். மூட்டுபவர் போனால் அக்கலையைக் கற்பிக்க மகனும் இரான், மாணவனும் இரான்.

பாலாற்றின் நிலையும் இதுவே. மிகுதியான ஊதியத்தை நாடிக் கழிவுநீரைத் தூய்மை செய்யாது விட்டதால் நிலத்தடி நீர் கெட்டது, கிணறுகள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு சனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது. தொழில் வாழ வேண்டும். அதனால் உண்ணும் குடும்பங்கள் வாழ வேண்டும். ஆனால், அதே ஆற்றின் கரையில் வாழும் அத்தொழிலாளர் கிணற்றிலும் நல்ல நீர் ஊற வேண்டும் அன்றோ! ஆற்றைக் கெடுத்துவிட்டு மயானக் கொள்ளைக்கு எந்தக் கரையில் நிற்பது?

ஆதலின் விழாக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றேன். மின்சாரப் பெட்டி இருப்பின் அதனை நிறுத்தி, கையால் முழவு அடிப்பவரை அமர்த்துங்கள். கொடியேற்றத்தன்று முழவை மூட்டிய தொழிலாளரையும், ஆடை நெய்தவரையும், அகல் வனைந்தவரையும் சந்நிதிக்கு அழைத்துப் பரிவட்டம் கட்டித் திருநீறு தாருங்கள். அவர் பெயரை அழைப்பிதழில் அச்சிடுங்கள். புரட்டாசி உரோகிணியில் திருநாளைப்போவார் குருபூசையை இதற்கென்றே கொண்டாடலாம். பொதுமக்களே! தேரைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, தவில் அடிப்பவர் அருகிலும் ஒரு கணம் நில்லுங்கள். அந்த ஒலி உங்கள் நெஞ்சில் விழுமுன் எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்று எண்ணுங்கள்.

அன்று தேர்நிலை அருகில் நின்ற பெரியவர் இன்று எங்கிருப்பினும், அவர் மூட்டிய தவில் ஏதோ ஒரு கோயிலில் ஒலித்துக்கொண்டிருக்கும். அவ்வொலியைக் கேட்குந்தோறும் அடியேன் அவருக்குக் கைகூப்புகின்றேன். நீங்களும் கூப்புங்கள். துடியேந்திய பெருமான் திருவருள் எல்லார்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்.