குருதியின் கதை – 14: நாற்றங்காலை விட்டு ஓடும் அணுக்கள்

1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தவர், பிறகு அங்கேயே மருத்துவராகிவிட்ட சாமர்வெல். அவர் கத்தியும் இந்த நோயிடம் செல்லாது. கட்டி என்றால் அறுத்தெடுக்கலாம். எலும்பு மஜ்ஜையில் பிறக்கிற நாள்பட்ட ரத்தப் புற்றில் எதை அறுப்பது?

நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். மைலாய்டு வகை நாள்பட்ட ரத்தப் புற்றில் லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கனக்கும். நாலு கவளம் இறங்குமுன் வயிறு நிறைந்துவிடும். நாஞ்சில்நாட்டு வயல்காரருக்கு இப்படிச் சொல்லலாம்: பருவம் வருமுன்னே நாற்று தானாக நாற்றங்காலை விட்டுக் கிளம்பினால் எப்படி இருக்கும்? விளையாத அணுக்கள் மஜ்ஜையின் பிடியை உதறி ரத்தத்தில் இறங்கிவிடுகின்றன.

சென்ற வாரம் 1957-இல் நிறுத்தினோம். லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கோழிமுட்டைச் சவ்வில் கண்டுபிடித்த இன்டர்ஃபெரான், வைரஸைத் தடுக்கும் புரதம். அதற்கு ரத்தப் புற்றில் என்ன வேலை?

1983-இல் ஹூஸ்டனில் மோஷே தல்பாஸ் குழுவினர் அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளையணு இறங்கியது. அது பெரிய செய்தியில்லை. பழைய மாத்திரைகளும் எண்ணிக்கையைக் குறைத்தன. 1986-இல் வந்ததுதான் செய்தி: சிலரிடம், நோயின் முத்திரையான பிலடெல்பியா குரோமோசோம் தாங்கிய அணுக்களே அருகின. பழைய மாத்திரைகளுக்கு அது அநேகமாக அசைந்து கொடுத்ததே இல்லை.

இன்டர்ஃபெரான் கொன்று குவிக்கும் மருந்தல்ல. அணுக்களை ஈன்றுதள்ளும் முன்னோடி அணுக்களின் பெருக்க வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. உதறிப்போன பிடியை ஓரளவு மீட்டு, அவற்றை மஜ்ஜையில் மறுபடி ஒட்டி நிற்க வைக்கிறது. நோயணுவை அடையாளம் காண டி அணுக்களையும் உசுப்புகிறது. ஆனால் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. நல்ல வெள்ளையணுவும் தட்டணுவும்கூடக் குறையும். காய்ச்சல், உடம்புவலி, சிலருக்கு மனச்சோர்வே மருந்தை நிறுத்த வைக்கும்.

குமரி மாவட்டத்தில், “ஆர்.சி.சி.க்குப் போயிருக்காவ” என்றால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. 1981-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அது. வடசேரியில் பஸ் ஏறிக் களியக்காவிளை தாண்டிப் போய்விடலாம். ஆனால் இன்டர்ஃபெரான் நாள்தோறும் போடவேண்டிய ஊசி, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்கவேண்டிய மருந்து, விலையும் அப்படி. நம் நாட்டில் பெரும்பாலோருக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான் வாய்த்தது. இதை மருத்துவ வரலாறு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பணத்தின் வரலாறும்தான்.

1998 ஜூன். அமெரிக்காவின் போர்ட்லேண்டில், பிரையன் ட்ரூக்கரின் ஆய்வில் முதல் நோயாளி இதே நோய்க்கான ஒரு புது மருந்தை விழுங்கினார். அடுத்த மாதமே சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அதில் கேட்டிருந்தது அதே மருந்துக்குத்தான். மருந்துக்கு என்றால் முழு மருந்துக்கல்ல. அதன் உப்பின் ஒரேயொரு படிக வடிவத்துக்கு. எதற்காக?

(தொடரும்)