அலமாரியில் பூட்டிய நூல்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்ததும், அஸ்தினாபுரத்தில் குடியிருக்கும் எம் பங்கு மக்களுள் ஒருவர் தம் மகனை அழைத்து வந்து என் முன் நிறுத்தினார். பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர் அவர். தாம் எட்டாம் வகுப்போடு நிறுத்திய படிப்பை மகனாவது தொடர வேண்டும் என்னும் ஏக்கம் கொண்டவர். "சாமி, பத்தாவது பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. இவன் பாடப் புத்தகத்த மூடி வச்சிட்டு ஏரி, தண்ணின்னு ஏதோ ஒரு புத்தகத்தயே பிடிச்சிட்டு உக்காந்திருக்கான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றார்.

அந்த நூல் என் அறையிலிருந்து சென்ற நூலே. மறைக்கல்வி வகுப்பு முடிந்து என் அலமாரியை வேடிக்கை பார்த்து நின்ற சிறுவனுக்கு, தமிழகத்து ஏரிகளைப் பற்றிய அந்நூலை எடுத்துக் கொடுத்தவன் நானே. ஆயினும் தந்தையின் முகத்தைக் கண்டதும் நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். "பரீட்சை முடியட்டும், அப்புறம் வாங்கிக்கோ தம்பி" என்று கூறி நூலைத் திரும்பப் பெற்று அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பையன் மறுபேச்சுப் பேசவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண்களோடு தேறினான். நூலைக் கேட்டு மட்டும் அவன் மீண்டும் வரவில்லை.

பல மாதங்களுக்குப் பின் வேறொரு நூலைத் தேடியபோது அது கைக்கு வந்தது. பக்கங்களுக்கு இடையே கிழித்துச் செருகிய காகிதத் துண்டுகள் இருந்தன. ஒன்றில், "செம்பாக்கம் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்?" என்று பென்சிலால் எழுதியிருந்தான். இன்னொன்றில் அவன் தெருவின் படம். அம்புக்குறிகள் இட்டு, "2015-ல் எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் எந்த வழியாக வந்தது?" என்று கேட்டிருந்தான். அவ்வாண்டு டிசம்பர் வெள்ளத்தில் அக்குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியபோது அவனுக்கு வயது ஐந்து. பாடத்தைப் புறக்கணிக்கிறான் என்று நாங்கள் எண்ணிய நாட்களில், தன் வாழ்வின் முதல் பேரச்சத்துக்கு அவன் விடை தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பள்ளிப் பருவத்தில் ஒருவன் பாடநூலுக்கு வெளியே ஓர் அறிவு நூலை வாசிக்கும்போது, உண்மையில் என்ன நிகழ்கிறது? இதற்கு விடை தேடினால், நம் மண்ணின் வரலாறே நம்மைக் கும்பகோணத்துக்கு அழைத்துச் செல்கிறது.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கர். வறுமை நிறைந்த இல்லம். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படித்த காலத்தில், அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவரிடம் லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலை இரவல் பெற்றார். சிறுவன் நூலை வாசித்து முடித்ததோடு, அதிலுள்ள கணக்குகள் அனைத்தையும் செய்தும் முடித்துவிட்டான் என்று அறிந்த அந்தக் கல்லூரி மாணவர் வியந்து போனார். பின்னர், தாமே கண்டறிந்ததாக எண்ணி மகிழ்ந்த சில முடிவுகள் முன்னரே பிறரால் நிறுவப்பட்டவை என்று தெரியவந்தபோது, ராமானுஜன் வெட்கமுற்று அத்தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார் என்பர். ஒரு நூலோடு அவ்வளவு நெருங்கிப் பழகிய பிள்ளைக்குத்தான் அத்தகைய வெட்கமும் வரும்.

1903-ஆம் ஆண்டு, பள்ளியின் மேல் வகுப்பில் இருந்தபோது, நண்பர் ஒருவர் கும்பகோணம் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து வேறொரு நூலை அவருக்குப் பெற்றுத் தந்தார். ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அது. கார் பெரும் கணித மேதை அல்லர்; இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். நூலும் ஏறத்தாழ ஒரு தேர்வு வழிகாட்டியே. அதில் முடிவுகளுக்கு இட்ட வரிசை எண் 6,165 வரை செல்கிறது. நிறுவல்களோ மிகச் சுருக்கம். பல இடங்களில் "முன்னர்க் கூறிய இன்ன எண்ணைக் காண்க" என்னும் அளவில் அவை நின்றுவிடுகின்றன. சோர்வூட்டக்கூடிய அந்நூல் கும்பகோணத்துச் சிறுவனுக்கு ஒரு புதையலாயிற்று. சொல்லாமல் விட்டதையெல்லாம் தானே செய்து பார்க்கும் பொறுப்பை அது வாசகனிடம் விட்டிருந்தது. காகிதம் வாங்க வழியின்றி, சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. இன்று உலகக் கணித அறிஞர்கள் பக்கம் பக்கமாக ஆராயும் குறிப்பேடுகள் இத்தகைய வாசிப்பின் விளைவே.

கத்தோலிக்க வாசகர்களுக்கு இங்கே மற்றொருவர் நினைவுக்கு வரலாம். 1521-ஆம் ஆண்டு பாம்பலோனா போரில் கால் முறிந்து லொயோலா மாளிகையில் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுது போக்க வீரர்களின் காதற்கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. இருந்தவை ஆண்டவரின் வாழ்வைக் கூறும் நூலும் புனிதர்களின் வரலாறுமே. வேறு வழியின்றி வாசிக்கத் தொடங்கிய அவர், மனத்தைத் தொட்ட பகுதிகளை ஏறத்தாழ 300 பக்கக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்தார்; ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையாலும் அன்னை மரியாளின் சொற்களை நீல மையாலும் எழுதினார். படைவீரரும் பள்ளி மாணவரும் வெவ்வேறு உலகினர். ஆயினும் இருவருமே கையில் எழுதுகோலோடு வாசித்தார்கள். அறிவு நூல் தன் வாசகனை வேலை வாங்குகிறது. அந்த வேலை ஒரு தாளிலேனும் தடம் பதிக்கிறது. என் பங்குச் சிறுவனின் காகிதத் துண்டுகளும் அத்தகைய தடங்களே.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபாதியை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1904-இல் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையோடு அதே அரசினர் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதத்தையன்றி வேறெதிலும் மனம் செலுத்தவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, 1907-இல் மீண்டும் எழுதியும் தோல்வியே. துணிக்கடைக் கணக்கரான தந்தைக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும்! எனவே, அஸ்தினாபுரத்துத் தந்தையின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஏழைக் குடும்பத்துக்குத் தேர்வு மதிப்பெண் என்பது ஓட்டை விழுந்த கூரைக்கு அடியில் வைத்த பாத்திரம். அதை நகர்த்து என்று சொல்பவன், மழைக்கு வேறு வழி காட்டவும் கடமைப்பட்டவன்.

அந்த வழியைச் சிலர் காட்டினார்கள் என்பதே ராமானுஜன் வரலாற்றில் நாம் அதிகம் பேசாத பகுதி. 1910-ஆம் ஆண்டு ஓர் எழுத்தர் வேலையேனும் கிடைக்குமா என்று, திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரை அவர் நாடிச் சென்றார். தகுதிச் சான்றாக அவர் கையில் இருந்தவை குறிப்பேடுகளே. இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமாயிருந்த ராமசாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். இத்தகைய திறமையை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் நசுக்க மனமின்றி, அறிமுகக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டராயிருந்த ஆர். ராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் அளித்துக் காத்தார். 1912 மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் பணி தொடங்கியது. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. நூலை இரவல் பெற்றுத் தந்த நண்பர், குறிப்பேட்டைத் திறந்து பார்த்த அதிகாரி, மாதந்தோறும் பணம் தந்த கலெக்டர்: இவர்களுள் ஒருவர் இல்லையெனினும் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும்.

நல்ல நண்பர் அமைவது நல்வாய்ப்பு. அது அமையாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இன்று நம் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் இங்கு இடம்பெயருமுன் சென்னை நகரில் இயங்கிய காலத்தில் அங்குக் கணிதம் பயின்றவர் அவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் இரண்டு, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டி ஒன்று நூல்களைச் சுமந்து கிராமங்களுக்குப் புறப்பட்டது. அந்த நடமாடும் நூலகத்தின் தொடக்கத்தில் ரங்கநாதனுக்கும் பங்குண்டு. 1967-இல் ராமானுஜனைப் பற்றி ஒரு நூலையும் அவர் எழுதினார். கார் நூலை நண்பர் கொண்டுவந்து தந்த அந்த உதவியை, ஊர்தோறும் யாவர்க்கும் உரிய நிறுவனமாக்க முயன்ற மனிதர் என்று அவரைக் கருதுவது பொருந்தும்.

அவருடைய முயற்சியின் கனியாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம், தமிழில் அறிவு நூல் வேண்டும் என்பதிலும் முனைந்து நின்றார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. தொடர்ந்து 1976-க்குள் குழந்தைகளுக்கெனத் தனியே பத்துத் தொகுதிகள் வந்தன. ராமானுஜன் ஆங்கிலத்தில் மட்டுமே பெற முடிந்த வகை அறிவை, அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தாய்மொழியில் பெறத் தொடங்கினார்கள். என் தலைமுறையினர் பலர் விண்மீனையும் திமிங்கிலத்தையும் முதலில் அத்தொகுதிகளில்தான் சந்தித்தோம்.

அச்சட்டத்தின் பயனாக, இன்றும் தாம்பரம் மாநகராட்சிக்கு நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. கிளை நூலகத்தின் வாயிலைக் கண்டிராத வீட்டாரும் அதற்குப் பணம் கட்டிவருகிறோம். பணம் கட்டிய பொருளை நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டாமா? ஆனால் நூலைக் கையில் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நான் செய்த பிழையும் அங்கேதான். கொடுக்கத் தெரிந்த எனக்கு, அவன் என்ன வாசிக்கிறான், என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று கேட்கத் தெரியவில்லை. திருக்கோவிலூர் அதிகாரி சில நிமிடங்கள் குறிப்பேட்டைப் புரட்டினார். நானோ கையிலிருந்த நூலைத் திறந்துகூடப் பார்க்காமல் பூட்டினேன். பார்த்திருந்தால், நாளுக்கு அரைமணி நேரம் இந்த நூலுக்கு, மிச்ச நேரம் பாடத்துக்கு என்று தந்தையையும் மகனையும் இசைய வைத்திருக்க முடியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அப்பிள்ளைக்கு இல்லை. அதை உண்டாக்கியவர்கள் பெரியவர்களாகிய நாங்களே.

சென்ற மாதம் ஒரு மாலை, காகிதத் துண்டுகள் கலையாதபடி நூலை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கூச்சத்தோடு தலை குனிந்தான். தெருவின் படம் இருந்த துண்டைத் தந்தையிடம் நீட்டினேன். அவர் அதை விளக்கின் அருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம், "இந்த அம்புக்குறி தப்புடா. அன்னிக்கு ராத்திரி தண்ணி இந்தப் பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு, உன்னத் தோள்ல தூக்கிட்டு நான் நின்னேன்ல" என்றார். மகன் பென்சிலை எடுத்து வந்தான். செம்பாக்கம் ஏரியின் மிச்ச நீர் அடுத்தடுத்த ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சென்றடைகிறது என்று அந்நூலின் உதவியோடு மகன் சொல்ல, வழியில் எங்கெங்கே கால்வாய் இருந்தது, எங்கே அது குறுகிற்று என்று தந்தை சொன்னார். தேநீர் ஆறும்வரை இருவரும் என்னை மறந்திருந்தார்கள்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு பிள்ளை பாடநூலின் அடியில் வேறொரு நூலை வைத்து வாசிக்கக்கூடும். அதைப் பறிக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே ஒரு காகிதத் துண்டு இருக்கலாம்.