பொன் பட்டையை நம்பலாமா? 1966-இன் வாடகைக் கார் ஒன்றின் அடையாளம்



ஒரு கார் சொந்தக் காரா, வாடகைக் காரா என்பதை நம் கேட் காவலர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே எடுத்து ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். வெள்ளையில் கறுப்பு என்றால் சொந்த வண்டி. பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இந்தக் கணக்குப் போதும்.

அமெரிக்காவில் 1966-இல் வாடகைக்கு ஓடிய ஏறக்குறைய ஆயிரம் கார்களை இன்று தேடுகிறவர்களுக்கு இப்படிப் பலகையைப் பார்த்துச் சொல்லும் வசதி இல்லை. பலகை எப்போதோ மாறிவிட்டது, பெயின்ட் மாறிவிட்டது, பலவற்றில் இன்ஜினே மாறிவிட்டது. ஆனாலும் ஒரு வண்டி ‘அந்த ஆயிரத்தில் ஒன்று’ என்று நிரூபித்துவிட்டால் அதன் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நிரூபிக்க முடியாவிட்டால் அது ஒரு நல்ல பழைய மஸ்டாங், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் பணம் அதிகம் என்பதால் போலிகளும் அதிகம். எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் இந்த முறை எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுன்டரில் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு செக்கை ஒப்பிட்டுப் பார்த்தவனுக்கு இந்த விஷயம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் கதை. ஃபோர்டு கம்பெனி 1964 ஏப்ரலில் மஸ்டாங் என்ற காரை வெளியிட்டது. பார்க்க அழகு, விலை குறைவு, விற்பனை அமோகம். ஆனால் பந்தயக்காரர்கள் அதை மதிக்கவில்லை. அந்த மதிப்பைச் சம்பாதித்துக் கொடுக்க ஃபோர்டு அழைத்த ஆள் கரோல் ஷெல்பி. டெக்சாஸ்காரர், ஒரு காலத்தில் கோழிப் பண்ணை நடத்தியவர், 1959-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். இதயக் கோளாறால் ஓட்டுவதை விட்டுவிட்டுக் கார் தயாரிக்க வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டிய கொட்டகைகளில் அவருடைய ஆட்கள் மஸ்டாங்கைப் பிரித்து, இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் மாற்றி, ‘ஜிடி350’ என்று பெயர் வைத்தார்கள். 271 குதிரைத் திறன் இருந்த வி8 இன்ஜின் அவர்கள் கையில் 306 ஆனது. தெருவில் ஓட்ட அனுமதி உள்ள பந்தயக் கார் என்றே அதைச் சொல்லவேண்டும். 1965-இல் ஐநூற்றுச் சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள்.

கார் நல்ல கார்தான். வியாபாரம்தான் சிறியது. இந்த இடத்தில் ஷெல்பியின் பொது மேலாளர் பெய்டன் கிராமர் ஒரு வேலை செய்தார். நாட்டின் மிகப் பெரிய வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸிடம் போய், இந்தக் காரை உங்கள் கவுன்டரில் வையுங்கள் என்றார். ஹெர்ட்ஸ் ஏற்கெனவே ‘ஸ்போர்ட்ஸ் கார் கிளப்’ என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. 25 வயது நிரம்பியவர்களுக்கு விசேஷ வண்டிகளை வாடகைக்குத் தருவார்கள். முதலில் கொஞ்சம் வண்டிகள் கேட்ட ஹெர்ட்ஸ், 1965 முடிவதற்குள் ஆர்டரை ஆயிரமாக உயர்த்தியது. 1966-இல் ஷெல்பி செய்த ஜிடி350 வண்டிகள் மொத்தமே சுமார் 2,400. அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே வாடிக்கையாளருக்குப் போயிற்று. அவற்றுக்குத்தான் பெயரின் கடைசியில் ஒரு ‘எச்’ சேர்ந்தது: ஜிடி350எச்.

வாடகை நாளுக்கு 17 டாலர், ஓடும் மைலுக்கு 17 சென்ட் என்பது அந்தக் காரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கணக்கு. பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நாளைக்கு நூறு மைல் ஓடினால் 34 டாலர். ஷோரூமில் அந்தக் காரின் விலை நாலாயிரத்து ஐநூறு டாலருக்குச் சற்றே குறைவு. டயரையும் ரிப்பேரையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 130 நாள் வெளியே போனால் முதல் வந்துவிடும். ஆனால் அந்த டயரையும் ரிப்பேரையும் விட்டுவிட முடியவில்லை என்பதுதான் கதையின் ருசி. வெள்ளிக்கிழமை எடுத்த வண்டியை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். இன்ஜினையே கழற்றிக்கொண்டு சாதாரண இன்ஜினை வைத்துக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். இதில் எத்தனை நடந்தது, எத்தனை டீக்கடையில் பிறந்தது என்று பிரிப்பது கஷ்டம். என் அபிப்பிராயம், பாதிக்குப் பாதி. 306 குதிரைத் திறனை மூன்று நாள் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தால் அது ஹெர்ட்ஸின் வெகுளித்தனம்.

இனி அடையாளத்துக்கு வருவோம். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது நிறம்தான். கறுப்பு உடம்பு, அதன் மேல் முன்னிருந்து பின்வரை இரண்டு பொன் பட்டைகள், கதவுக்குக் கீழே இன்னொரு பொன் கோடு, அதில் எழுத்து. பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. ஆனால் எல்லாம் அல்ல. சுமார் ஐந்தில் ஒன்று வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை என்று வந்தது. இங்கேதான் வேடிக்கை. கறுப்பும் பொன்னும் எந்தப் பெயின்டரும் ஒரு வாரத்தில் அடித்துக் கொடுப்பது. போலி செய்கிறவன் செய்யும் முதல் வேலையே அதுதான். மறுபக்கம், அசலான ஒரு பச்சை வண்டியைப் பார்க்கிறவர்கள் ‘இது ஹெர்ட்ஸ் காராக இருக்காது’ என்று கடந்து போய்விடலாம். ஆக, நிறம் எதையும் நிரூபிப்பதில்லை, எதையும் மறுப்பதும் இல்லை.

அடுத்தது டாஷ்போர்டு ஸ்டிக்கர். இந்தக் காருக்குப் பந்தயத்துக்கான பிரேக் பொருத்தியிருந்தார்கள். சூடேறினால் பிரமாதமாகப் பிடிக்கும். காலையில் முதல் சிக்னலில் பிடிக்காது. சூட்கேசோடு விமானத்திலிருந்து இறங்கி வந்த ஆசாமி வழக்கம்போல் காலை வைப்பார், வண்டி நிற்காது. அதனால் ‘வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும்’ என்று ஓர் எச்சரிக்கையை டாஷ்போர்டில் ஒட்டினார்கள். வாடகை வாழ்க்கையின் நேரடிச் சாட்சி என்று பார்த்தால் எனக்குப் பிடித்த அடையாளம் இதுதான். ஆனால் அந்த ஸ்டிக்கரும் இன்று புதிதாக அச்சடித்து விற்பனைக்குக் கிடைக்கிறது. அதைப் போலவே சக்கரங்கள், பின்பக்கத்துச் சிறு ஜன்னல் கண்ணாடி, பின்சக்கர பிரேக்குக்குக் காற்று தரும் பக்கவாட்டு மூடி, டாஷ்போர்டின் மேல் உட்காரும் டேக்கோமீட்டர், ‘கோப்ரா’ என்று எழுதிய இன்ஜின் மூடி எல்லாமே கடையில் வாங்கலாம். திருகிப் பூட்டக்கூடிய எதுவும் சாட்சி ஆகாது.

கியரும் அப்படித்தான். முதலில் வந்த எண்பதுக்கும் மேற்பட்ட ஹெர்ட்ஸ் வண்டிகள் நாலு கியர் மேனுவல். பிறகு வந்தவை ஏறக்குறைய எல்லாமே ஆட்டோமேட்டிக். கிளட்சைத் தேய்த்துக் கொடுக்கும் வாடிக்கையாளர்களை நினைத்தால் அது புரிகிறது. இன்று மேனுவல் வண்டிக்குத்தான் மவுசு. ஆகவே ஆட்டோமேட்டிக்காகப் பிறந்தது மேனுவலாக மாறி நிற்பதும் உண்டு. வண்டி முழுக்க அசல், கியர் மட்டும் பொய்! நம் பக்கத்தில் நகை மதிப்பீட்டாளர் சங்கிலியை உரசிப் பார்த்துவிட்டுக் கொக்கியைத் தனியாக உரசுவாரே, அந்த மாதிரி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, எண்ணுக்குப் போவோம். இந்தக் காருக்கு இரண்டு எண்கள். ஒன்று ஃபோர்டு தொழிற்சாலை கொடுத்தது. அது ‘6ஆர்09கே’ என்று தொடங்கவேண்டும். 6 என்றால் 1966, ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை, 09 என்றால் பின்கூரை சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல், கே என்றால் அந்த 271 குதிரைத் திறன் இன்ஜின். இந்த ஐந்து எழுத்தில் ஒன்று மாறினாலும் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து உள்தகட்டில் இது பொறித்திருக்கும். இன்ஜின் பிளாக்கிலும் பொறித்திருப்பார்கள். பந்தயத்துக்குப் போய்வந்த வண்டியா என்ற பழைய சந்தேகத்துக்கு அங்கே கொஞ்சம் பதில் கிடைக்கும்.

இரண்டாவது ஷெல்பி கொடுத்த எண். ‘எஸ்எஃப்எம்6எஸ்’ என்று தொடங்கி வரிசை எண்ணில் முடியும். ஷெல்பி, ஃபோர்டு, மஸ்டாங், 1966, தெருவில் ஓடும் வண்டி என்று பொருள். சிறு அலுமினியத் தகட்டில் அடித்து, ஃபோர்டு எண்ணின் மேலேயே ரிவெட் வைத்துவிட்டார்கள். அதனால் பழைய எண்ணைப் பார்க்க வேண்டுமானால் தகட்டைக் கழற்றவேண்டும். கழற்றினால் அசல் ரிவெட் போய்விடும். அதற்கும் வழி இருக்கிறது. ஃபோர்டு அதே எண்ணை முன்பக்க மட்கார்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்திலும் பொறித்திருந்தது. மட்கார்டைக் கழற்றிப் பார்க்கலாம். தகடு மட்டும் மாறிய வண்டிகள் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் பொருந்தினால் என்ன தெரியும்? அது அசல் ஷெல்பி என்று தெரியும். ஹெர்ட்ஸ் வண்டி என்று தெரியாது. ஏனென்றால் அந்த எண்ணில் ‘எச்’ இல்லை! தனியாருக்கு விற்ற வண்டிக்கும் வாடகைக்குப் போன வண்டிக்கும் ஒரே மாதிரி எண், ஒரே வரிசை. இரும்பில் எங்கே தேடினாலும் அந்த வித்தியாசம் எழுதப்படவில்லை. அது எழுதப்பட்டது காகிதத்தில். எந்த எண் எந்த நிறத்தில், எந்த கியரோடு, எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பப்பட்டது என்ற ஷெல்பி கம்பெனியின் குறிப்புகளில்தான் ‘ஹெர்ட்ஸ்’ என்ற சொல் வருகிறது.

இந்தக் காகிதங்கள் பிழைத்ததுதான் பெரிய விஷயம். 1966-67-இல் வாடகைக் காலம் முடிந்ததும் வண்டிகள் ஃபோர்டு விற்பனையாளர்கள் மூலம் பழைய காராக விற்பனைக்கு வந்தன. அப்போது ‘வாடகைக்கு ஓடியது’ என்பது விலையைக் குறைக்கும் விஷயம். நீங்கள் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது டிராவல்சில் ஓடிய வண்டி என்று தெரிந்தால் பத்தடி தள்ளி நிற்கமாட்டீர்களா? அங்கும் அப்படித்தான். பொன் பட்டைமேல் வேறு நிறம் அடித்து, சாதாரணக் காராக ஓட்டித் தேய்த்தவர்கள் ஏராளம். பத்து வருடம் கழித்து, 1975-இல், ஷெல்பி கார் பிரியர்கள் சேர்ந்து ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப்பைத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லாத வேலையாகப் பழைய பில்களையும் அனுப்பீட்டுக் குறிப்புகளையும் சேகரித்து, எண் வரிசைப்படி ஒரு பதிவேட்டை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே முதலில் யாருக்குப் போயிற்று, பிறகு யார் கையில் மாறியது என்று எழுதினார்கள். எங்கள் காலத்து லெட்ஜர் போலத்தான். இன்று ஏலக் கம்பெனிகள் ஒரு ஜிடி350எச்-ஐ மேடையேற்றும் முன் கேட்பது அந்தப் பதிவேடு என்ன சொல்கிறது என்பதைத்தான்.

ஆகவே, பட்டையெல்லாம் பளபளக்க நிற்கும் கறுப்பு வண்டியின் எண்ணுக்கு எதிரே தனியார் ஒருவரின் பெயர் இருந்தால், அது ‘எச்’ அல்ல. கோழிகள் உட்கார்ந்து எச்சமிட்ட, நிறம் தெரியாத, இன்ஜின் இல்லாத கூடு ஒன்றின் எண்ணுக்கு எதிரே ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அதுதான் அசல். மூன்றாவது வகையும் ஒன்று உண்டு, அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பதிவேட்டில் சிவப்பு என்று இருக்கும் வண்டியை, ஹெர்ட்ஸ் என்றால் கறுப்புதான் என்று நினைத்து யாராவது கறுப்பாக்கியிருந்தால், அவர் ஆயிரத்தில் சுமார் ஐம்பதில் ஒன்றாக இருந்ததை எண்ணூறில் ஒன்றாக மாற்றிவிட்டார், அதுவும் தன் கைக்காசைப் போட்டு.

ஹெர்ட்ஸ் 1968, 1969 ஆண்டுகளிலும் ஷெல்பிகளை வாங்கியது. ஆனால் எண்ணிக்கை குறைவு, அந்தப் பழைய முரட்டுத்தனமும் இல்லை. நாற்பது வருடம் கழித்து 2006-இல் அதே கறுப்பிலும் பொன்னிலும் புதிய மஸ்டாங்கில் 500 வண்டிகள் செய்து வாடகைக்கு விட்டார்கள். 2016-இல் மறுபடி 140. இவற்றில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை, முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் அதன் மதிப்புத் தெரியும்.

1966-இன் ஆயிரம்தான் ஆளை அலைய வைக்கிறது. பதிவேட்டில் சில எண்களுக்கு எதிரே வண்டி எங்கே போயிற்று என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் எந்தக் கிராமத்துக் கொட்டகையில் பழைய மஸ்டாங் கிடந்தாலும், யாராவது ஒருவர் டார்ச் விளக்கோடு போய் ஓட்டுநர் பக்கத்து உள்தகட்டைத் துடைத்துப் பார்க்கிறார்.