ஹோர்டிங் வேற, பேனர் வேற

எங்க உத்திரமேரூர் பக்கம் காதுகுத்துன்னாலும் பேனர், கண்ணீர் அஞ்சலின்னாலும் பேனர். தலைவர் பிறந்தநாள்னா கேக்கவே வேணாம். அதே ரோட்டுல இரும்புக் கால் ஊன்றி நிக்கிற நகைக்கடை விளம்பரத்தையும் நம்ம சனங்க பேனர்னுதான் சொல்றாங்க. பேப்பர்காரங்க சில சமயம் ரெண்டையும் ஹோர்டிங்னு எழுதிடறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே, இதுல என்னய்யா ஆராய்ச்சின்னு கேக்கறீங்களா? இருக்கு. உயிர் போற அளவுக்கு வித்தியாசம் இருக்கு.

முதல்ல ஹோர்டிங். பதுக்கல்னு பொருள் தர்ற ஹோர்டிங்குக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எழுத்துதான் ஒண்ணு, வம்சம் வேற. அமெரிக்காக்காரன்கிட்ட "சென்னை முழுக்க ஹோர்டிங்"னு சொன்னா, அரிசி மூட்டையைப் பதுக்கிட்டோம்னு நினைச்சுப்பான். அவன் ஊர்ல அதுக்குப் பேரு பில்போர்டு :-)

நம்ம ஹோர்டிங்கோட தாத்தா பழைய பிரெஞ்சு மொழியிலேர்ந்து வந்தவர். அந்தக் காலக் கோட்டைச் சுவர் மேல, வீரர்கள் நின்னு சண்டை போட மரத்துல ஒரு அடைப்பு கட்டுவாங்க. அதுக்குத்தான் அந்தப் பேர். அப்புறம் இங்கிலாந்துல, கட்டடம் கட்டற இடத்தைச் சுத்தி அடைக்கிற பலகை வேலிக்கு அந்தப் பேர் வந்துச்சு. பலகை சும்மா இருந்தா விடுவாங்களா? போஸ்டர் ஒட்டினாங்க. வேலி போச்சு, விளம்பரம் நின்னுடுச்சு. வெள்ளைக்காரன் நமக்கு விட்டுட்டுப் போன வார்த்தைகள்ல இதுவும் ஒண்ணு.

பேனர் கதை வேற. அது போர்க்கொடி. எந்தப் பிரபுவோட படைன்னு தூரத்துலேர்ந்தே தெரியறதுக்காகத் தூக்கிப் பிடிக்கிற துணி. நம்ம பதாகையும் அதேதான். சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில். கொடியைப் பார்த்தா ஆள் யாருன்னு தெரியணும், அவ்வளவுதான்.

ஆக, ஹோர்டிங்கிறது இடம், பேனருங்கிறது ஆள். ஹோர்டிங்ல இன்னிக்கு நகைக்கடை, நாளைக்கு சிமெண்ட். விளம்பரம் மாறும், சட்டம் மாறாது (இரும்புச் சட்டத்தைச் சொல்றேன்!). பேனர் அப்படி இல்ல. அதுல இருக்கிற முகத்தை எடுத்துட்டா அங்க ஒண்ணுமே இல்ல.

நம்ம அரசாங்கச் சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஹோர்டிங்குன்னா பலகைகளால் ஆன திரை, அதைத் தாங்கற சட்டகமும் சேர்த்தின்னு விளக்கம் சொல்லுது. அந்தப் பழைய வேலி இன்னும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு பாருங்க. 2003-ல தமிழ்நாடு அரசு ஹோர்டிங்குக்கு உரிமம், வரின்னு விதி போட்டுச்சு. விளம்பரக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2008-ல உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

இதே காலகட்டத்துலதான் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் ஊர் ஊரா நுழைஞ்சுது. அதுக்கு முன்னாடி துணி பேனர், தட்டி எல்லாத்துக்கும் ஓவியர் கை வேணும், நேரம் வேணும். ஃப்ளெக்ஸுக்கு ஒரு போட்டோவும் ராத்திரிக்குள்ள அடிச்சுத் தர ஒரு கடையும் போதும். 2011-ல டிஜிட்டல் பேனருக்குன்னு தனி விதி வந்துச்சு. முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அனுமதி எண்ணை பேனர்லயே போடணும். நீங்க எத்தனை பேனர்ல அந்த எண்ணைப் பார்த்திருக்கீங்க?

2018 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சட்டவிரோத பேனர்களுக்குத் தடை போட்டுச்சு. அடுத்த ஒன்பது மாசத்துல, 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி, பள்ளிக்கரணையில ஸ்கூட்டர்ல போன 23 வயசுப் பொண்ணு மேல ஒரு பேனர் விழுந்துச்சு. பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. அப்போதைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக வெச்ச பேனர். அவரைக் கைது பண்ண ரெண்டு வாரம் ஆச்சு. அந்தப் பொண்ணும் நம்மள மாதிரி ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வீட்டுக்குத் திரும்பின சாஃப்ட்வேர் இன்ஜினியர்தான்.

ஹோர்டிங் மட்டும் யோக்கியமான்னா, இல்ல. 2024 மே 13-ஆம் தேதி மும்பை காட்கோபர்ல சரிஞ்சு 17 பேரைக் கொன்னது ஹோர்டிங்தான். 40-க்கு 40 அடி இருக்க வேண்டியது, 120-க்கு 120 அடி இருந்துச்சு. ஆனா அங்க நிலம் யாருது, ஒப்பந்தம் யாரோடது, யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு ஒரு காகிதத் தடம் இருந்துச்சு. பேனர்ல அந்தத் தடமே கிடையாது. பத்து முகம் சிரிக்கும், "இவண்"னு போட்டு இருபது பேர் இருக்கும், விழுந்தா பதில் சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பேர் பெருசு, பொறுப்பு பூஜ்யம்.

இப்ப எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு வாங்க. பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919-லயும் 921-லயும் வெட்டின குடவோலைக் கல்வெட்டுகள் அங்கதான் இருக்கு. முப்பது குடும்பு, வயசு 35-லேர்ந்து 70, கால்வேலிக்கு மேல வரி கட்டற நிலம், கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் நிக்க முடியாது... பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இடம்கிறதால, அதை இன்னிக்கு ஜனநாயகம்னு கொண்டாட நான் தயாரில்ல.

என்னைப் பிடிச்சு நிறுத்தறது கல்வெட்டோட கடைசி வரிகள்தான். சபையார் சொல்ல நான் எழுதினேன்னு, எழுதினவர் தன் பேரைச் சொல்லிட்டு முடிக்கிறார்: மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன். சபை கூடற இடத்துல, ஊர் பாக்கற சுவர்ல ஒரு விஷயத்தை வெச்சா, எந்த வருஷம், யார் சொல்லி, யார் எழுதினதுன்னு அதுலயே இருக்கு. முகம் இல்ல, பேர் இருக்கு. அந்தப் பேர் விளம்பரத்துக்கு இல்ல, பதில் சொல்றதுக்கு.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி உளி வெச்சு செதுக்கினவருக்கு அத்தனை பெரிய பேரைப் பொறுமையா வெட்ட முடிஞ்சுது. கம்ப்யூட்டர்ல அடிக்கிற நமக்கு, ஓரத்துல ஒரு அனுமதி எண் போட இடம் இல்லையாம். அடுத்த தடவை உங்க வீட்டு விசேஷத்துக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனீங்கன்னா, மாமா போட்டோ சைஸைக் கொஞ்சம் குறைச்சுட்டு அந்த எண்ணைப் போடச் சொல்லுங்க. மாமா கோச்சுக்க மாட்டார்.