லெக்ஸஸ்: 1983-ல் எழுந்த ஒரு கேள்வியும் உரிமையாளர்களின் நம்பிக்கையும்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தின் சொகுசு கார் பிரிவான லெக்ஸஸ், 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனையைத் தொடங்கியது. பயன்படுத்துவோரின் மனநிறைவை அளவிடும் ஆய்வுகளில் அன்று முதல் தொடர்ந்து முன்வரிசையில் இருந்துவரும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவர் நடத்தும் வாகன நம்பகத்தன்மை ஆய்வில், 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அது முதலிடம் பெற்றது.

அதே நிறுவனத்தின் கார் ஒன்று 2009-இல் கலிபோர்னியாவில் விபத்துக்குள்ளாகி நான்கு பேர் உயிரிழந்த சம்பவம், தாய் நிறுவனமான டொயோட்டாவை அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணை வரை கொண்டு சென்றது. நற்பெயர் எப்படி உருவானது, எங்கே சோதனைக்கு உள்ளானது, உரிமையாளர் மனநிறைவு என்பது உண்மையில் எதை அளவிடுகிறது என்பதை லெக்ஸஸின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ரகசியக் கூட்டம்

1983 ஆகஸ்டில் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் எய்ஜி டொயோடா, உயர் அதிகாரிகளின் ரகசியக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். உலகின் மிகச் சிறந்த கார்களுக்கு ஈடுகொடுக்கும் சொகுசுக் காரை நம்மால் உருவாக்க முடியுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

அக்கேள்விக்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது. அமெரிக்காவின் நெருக்குதலால், 1981 முதல் ஜப்பான் அந்நாட்டிற்கு ஏற்றுமதி செய்யும் கார்களின் எண்ணிக்கைக்குத் தானே வரம்பு விதித்துக்கொண்டது. எண்ணிக்கையைக் கூட்ட முடியாத நிலையில், ஒவ்வொரு காரிலும் கிடைக்கும் வருவாயைக் கூட்டுவதே எஞ்சிய வழி. ஜப்பானின் மூன்று பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்து இந்த வழிக்கு வந்தன. ஹோண்டா 1986-இல் அக்யூராவையும், நிசான் 1989-இல் இன்ஃபினிட்டியையும் அமெரிக்காவில் அறிமுகம் செய்தன.

டொயோட்டா தன் திட்டத்திற்கு வட்டத்திற்குள் 'எஃப்' என்ற எழுத்தைக் குறியீடாக வைத்தது. 1985-இல் அதன் ஆய்வுக் குழுவினர் கலிபோர்னியாவின் லகுனா கடற்கரைப் பகுதிக்குச் சென்று தங்கினர். வசதி படைத்த அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை நேரில் கண்டறிவதே அவர்களின் பணி.

ஒன்றுக்கொன்று முரணான இலக்குகள்

முதன்மைப் பொறியாளராகப் பொறுப்பேற்ற இச்சிரோ சுசுகி, ஒன்றுக்கொன்று முரணான இலக்குகளை வகுத்தார். கார் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். ஆனால் எரிபொருள் செலவு குறைவாக இருக்க வேண்டும். உள்ளே அமைதி நிலவ வேண்டும்; ஆனால் எடை கூடக் கூடாது.

ஒலியைக் குறைக்க ஒலித்தடுப்புப் பொருள்களை அடுக்குவது வழக்கமான முறை. அதனால் எடை ஏறும். எரிபொருள் செலவும் கூடும். சுசுகியின் குழு, ஒலியும் அதிர்வும் பிறக்கும் இடத்திலேயே அவற்றைக் கட்டுப்படுத்த முனைந்தது. எஞ்சின் பாகங்கள் வழக்கத்தைவிட நுட்பமான அளவுத் துல்லியத்துடன் செய்யப்பட்டன. எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு, கோணம் ஏதுமின்றி ஏறத்தாழ நேர்க்கோட்டில் அமையுமாறு வடிவமைக்கப்பட்டது.

சுமார் 1,400 பொறியாளர்கள் இத்திட்டத்தில் ஈடுபட்டனர். 450 முன்மாதிரி கார்கள் தயாரிக்கப்பட்டு, ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலைகள் உள்படப் பல்வேறு சாலைகளில் சோதிக்கப்பட்டன. திட்டச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. 4 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட அலுமினிய எஞ்சினுடன் 'எல்.எஸ். 400' உருவானது. எரிபொருளை அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்கா விதித்த சிறப்பு வரியிலிருந்தும் அது தப்பியது.

பெயர் விவகாரத்தில் ஒரு சட்டச் சிக்கலும் குறுக்கிட்டது. சட்டத் தகவல் சேவையான 'லெக்ஸிஸ்' நிறுவனத்தார், பெயர் ஒற்றுமையைக் காட்டி 1988 இறுதியில் தடையாணை பெற்றனர். 1989 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அதற்குள் 1989 ஜனவரியில் டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் கார் பார்வைக்கு வந்துவிட்டது. செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. தொடக்க விலை சுமார் 35,000 டாலர். அதற்கு இணையான ஜெர்மானிய கார்களின் விலையைவிட இது பெரிதும் குறைவு.

அறிமுகமான சில வாரங்களில் வந்த சோதனை

விற்பனை தொடங்கி மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1989 டிசம்பரில் எல்.எஸ். 400 காரைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்யும் அறிவிப்பு வெளியானது. பிரேக் விளக்கு அதிகமாகச் சூடாவது, வேகத்தை நிலைநிறுத்தும் குரூஸ் கண்ட்ரோல் அமைப்பில் கோளாறு ஆகியவை குறித்து வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. எனினும் விற்கப்பட்டிருந்த சுமார் 8,000 கார்களையும் சரிபார்க்க நிறுவனம் முடிவு செய்தது.

புதிதாகச் சந்தைக்கு வந்த சொகுசு காருக்கு இத்தகைய அறிவிப்பு பேரிடியாக அமைந்திருக்கக்கூடும். ஆனால் அது நிறைவேற்றப்பட்ட விதம் நிலைமையை மாற்றியது. உரிமையாளர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே தொடர்புகொண்ட விற்பனையகங்கள், கார்களை வீட்டிற்கே வந்து எடுத்துச் சென்றன. விற்பனையகம் இல்லாத தொலைதூர ஊர்களுக்குத் தொழில்நுட்பப் பணியாளர்கள் விமானத்தில் அனுப்பப்பட்டனர். பழுது நீக்கப்பட்ட கார்கள் கழுவப்பட்டு, எரிபொருள் நிரப்பப்பட்டுத் திருப்பி அளிக்கப்பட்டன. சுமார் 20 நாள்களில் பணி முடிந்தது.

வாடிக்கையாளரை வீட்டிற்கு வந்த விருந்தினர்போல் நடத்த வேண்டும் என்ற உறுதிமொழியை லெக்ஸஸ் விற்பனையகங்கள் முன்பே ஏற்றிருந்தன. அந்த உறுதிமொழி வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது. குறை இல்லாத பொருளைவிட, குறை நேரும்போது நிறுவனம் நடந்துகொள்ளும் முறையே நம்பிக்கையை வளர்க்கும் என்பதற்கு மேலாண்மைப் பாடங்களில் இது இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

வளர்ச்சியும் வர்த்தகப் பூசலும்

1991-இல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் இறக்குமதி சொகுசு கார் நிறுவனமாக லெக்ஸஸ் உயர்ந்தது. 1995-இல் அமெரிக்கா-ஜப்பான் வர்த்தகப் பூசல் முற்றியபோது, ஜப்பானின் 13 சொகுசு கார் ரகங்களுக்கு 100 சதவீத வரி விதிக்கப்போவதாக அமெரிக்க அரசு எச்சரித்தது. லெக்ஸஸ் கார்களும் அப்பட்டியலில் இருந்தன. ஜூன் மாத இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டால் அந்த வரி தவிர்க்கப்பட்டது.

1998-இல் அமெரிக்காவில் அறிமுகமான 'ஆர்.எக்ஸ்.' ரகம், சொகுசு காரின் சவாரி வசதியை உயரமான பயன்பாட்டு வாகனத்தின் வடிவில் அளித்தது. நிறுவனத்தின் விற்பனையில் அதுவே முதுகெலும்பானது. அதன் ஹைபிரிட் வகை 2005-இல் வந்தது. 2000 முதல் 2010 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் சொகுசு கார் நிறுவனமாக லெக்ஸஸ் விளங்கியது. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் உற்பத்தியை முடக்கியதால், அவ்வாண்டு அந்த இடத்தை இழந்தது.

வெளிநாடுகளில் புகழ்பெற்ற இப்பெயர், தாய்நாட்டில் 2005 வரை பயன்பாட்டில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதுவரை எல்.எஸ். கார் ஜப்பானில் 'டொயோட்டா செல்சியர்' என்ற பெயரிலும், ஆர்.எக்ஸ். கார் 'டொயோட்டா ஹாரியர்' என்ற பெயரிலும் விற்கப்பட்டன.

2009: நம்பிக்கை தளர்ந்த ஆண்டு

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவின் சான்டி நகரில், விற்பனையகம் தற்காலிகப் பயன்பாட்டுக்கு வழங்கியிருந்த லெக்ஸஸ் 'இ.எஸ். 350' கார் கட்டுப்பாட்டை இழந்து ஓடி விபத்துக்குள்ளானது. நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவரும் அவரது குடும்பத்தினர் மூவரும் உயிரிழந்தனர். வேறொரு ரகத்திற்கான தரைவிரிப்பு அக்காரில் போடப்பட்டிருந்ததும், அதில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டதும் விசாரணையில் வெளிச்சத்துக்கு வந்தன.

அதைத் தொடர்ந்து தரைவிரிப்பு தொடர்பாக அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் டொயோட்டா, லெக்ஸஸ் வாகனங்கள் குறித்து அறிவிப்பு வெளியிடப்பட்டது. அழுத்திய ஆக்சிலரேட்டர் மீளாமல் ஒட்டிக்கொள்ளும் கோளாறுக்காக, 2010 ஜனவரியில் மேலும் சுமார் 23 லட்சம் டொயோட்டா வாகனங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில் டொயோட்டாவின் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஆஜராகி மன்னிப்புக் கோரினார். நிறுவனம் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

மின்னணுக் கட்டுப்பாட்டில் கோளாறு இருக்கலாம் என்ற ஐயத்தை ஆராய அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் அழைக்கப்பட்டனர். எதிர்பாராத வேக அதிகரிப்புக்கு மின்னணுக் கோளாறே காரணம் என்பதற்கான சான்று கிடைக்கவில்லை என 2011 பிப்ரவரியில் வெளியான முடிவு தெரிவித்தது. ஆயினும், பாதுகாப்புக் குறைகள் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் அளித்ததாக எழுந்த வழக்கில், 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் செலுத்த டொயோட்டா ஒப்புக்கொண்டது.

1989-இல் சில புகார்களுக்கே எல்லாக் கார்களையும் அழைத்த நிறுவனத்தின் மீது, இருபது ஆண்டுகள் கழித்துத் தகவலை மறைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது உரிமையாளர்களைக் கலக்கமடையச் செய்தது. இடையில் 2010 ஏப்ரலில், 'ஜி.எக்ஸ். 460' ரகம் வளைவுகளில் நிலைத்தன்மை இழக்கக்கூடும் எனக் கூறி, அதை வாங்க வேண்டாம் என்று 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் அறிவுறுத்தியது. லெக்ஸஸ் உடனடியாக விற்பனையை நிறுத்தி, மென்பொருளைத் திருத்தியது. மறுசோதனைக்குப் பின் மே மாதத்தில் அந்த எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

மனநிறைவு எப்படி அளவிடப்படுகிறது?

உரிமையாளர்களின் கருத்தைத் திரட்டும் ஆய்வுகளில் ஜே.டி. பவர் நடத்துபவை பரவலாக மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. புதிய காரை வாங்கிய முதல் 90 நாள்களில் சந்தித்த குறைகளைக் கேட்டறிவது தொடக்கத் தர ஆய்வு. மூன்று ஆண்டுகள் பழைய காரின் முதல் உரிமையாளரிடம், கடந்த 12 மாதங்களில் சந்தித்த குறைகளைக் கேட்பது நம்பகத்தன்மை ஆய்வு. 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்பதே அளவுகோல். எண் குறையக் குறையத் தரம் கூடும்.

2023-இல் லெக்ஸஸ் பெற்ற மதிப்பு 133. அவ்வாண்டு அனைத்து நிறுவனங்களின் சராசரி 186. 2024-இல் லெக்ஸஸ் 135, சராசரி 190. 2025-இல் லெக்ஸஸ் 140, சராசரி 202. எல்லா ஆண்டுகளிலும் முதலிடம் அதற்கே என்று கொள்ள முடியாது. 2020-இல் ஜெனிசிஸும், 2022-இல் கியாவும் முந்தின. இரண்டும் தென்கொரிய நிறுவனங்கள்.

இந்த எண்களை வாசிப்பதில் கவனம் தேவை. 140 என்றால், முதலிடத்தில் உள்ள நிறுவனத்தின் காரிலும் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் இருந்தன என்று பொருள். இந்த எண்ணிக்கையில் ஒவ்வொரு குறையும் ஒன்றாகவே கணக்கிடப்படுகிறது. கியர்பாக்ஸ் பழுதும், கைபேசி இணைப்பு அறுபடுவதும் அதில் சமம். அண்மை ஆண்டுகளில் தொடுதிரை, குரல் கட்டளை, கைபேசி இணைப்பு ஆகியவை குறித்த புகார்களே எல்லா நிறுவனங்களிலும் முன்னிற்கின்றன. லெக்ஸஸும் இதற்கு விலக்கன்று. திரையைத் தொடாமல் கைப்பிடி அல்லது தொடுபட்டை மூலம் இயக்கும் அதன் அமைப்பு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2021-இல் வெளியான இரண்டாம் தலைமுறை 'என்.எக்ஸ்.' ரகத்தில் அது கைவிடப்பட்டுத் தொடுதிரை இடம்பெற்றது.

முதல் உரிமையாளரிடம் மூன்றாம் ஆண்டில் கேட்கப்படும் கேள்வி, பத்தாம் ஆண்டின் செலவைச் சொல்லாது. பழைய கார் வாங்குவோருக்கு மறுவிற்பனை மதிப்பும் பராமரிப்புச் செலவுமே முக்கியம். 1996-ஆம் ஆண்டு மாடல் எல்.எஸ். 400 ஒன்று அமெரிக்காவில் 10 லட்சம் மைல், அதாவது சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தது. தனியொரு காரின் சாதனை எல்லாக் கார்களுக்கும் உத்தரவாதம் ஆகாது எனினும், தொடக்ககால வடிவமைப்பின் உறுதிக்கு அது சான்றாகச் சுட்டப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் 2017 மார்ச்சில் லெக்ஸஸ் அடியெடுத்து வைத்தது. தொடக்கத்தில் கார்கள் முழுமையாக இறக்குமதி செய்யப்பட்டதால் வரிச்சுமை அதிகமாக இருந்தது. 2020-இல் பெங்களூரு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் 'இ.எஸ். 300எச்' ஹைபிரிட் கார் உற்பத்தி தொடங்கியது. ஜெர்மானிய நிறுவனங்கள் ஆதிக்கம் செலுத்தும் இந்தியச் சொகுசு கார் சந்தையில் லெக்ஸஸின் பங்கு சிறியதே. விற்பனையகங்களும் பெருநகரங்களையே சார்ந்துள்ளன. காரை வாங்குவோர், தம் ஊருக்கு அருகில் பணிமனை உள்ளதா, உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. வெளிநாட்டு ஆய்வின் தரவரிசை அந்தக் கேள்விகளுக்கு விடை தராது.

உலக அளவில் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெக்ஸஸ் தலா 8 லட்சத்துக்கும் அதிகமான கார்களை விற்றது. சீனாவின் ஷாங்காய் நகரில் லெக்ஸஸ் மின்சாரக் கார்களுக்கென முழு உரிமையுள்ள நிறுவனத்தை அமைத்து, 2027-இல் உற்பத்தியைத் தொடங்கப்போவதாக டொயோட்டா 2025 பிப்ரவரியில் அறிவித்தது. எஞ்சின் எழுப்பும் ஒலியையும் அதிர்வையும் அடக்கிக் காட்டி லெக்ஸஸ் பெயர் பெற்றது. எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்களில் அந்த அமைதி எல்லா நிறுவனங்களுக்கும் இயல்பாகக் கைகூடுகிறது. பேட்டரியின் ஆயுள், மென்பொருளின் நம்பகத்தன்மை, பழுது நேரும்போது கிடைக்கும் சேவை ஆகியவையே இனி உரிமையாளர்களின் மதிப்பீட்டைத் தீர்மானிக்கும்.