ஒரு சிவப்புப் புள்ளியின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1898ஆம் ஆண்டு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் யோஹன்னஸ் ஃபாப்ரி என்ற தோல் மருத்துவர், 13 வயதுச் சிறுவன் ஒருவனின் உடம்பில் கடுகு தூவியதுபோல் இருந்த கருஞ்சிவப்புப் புள்ளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் லண்டனில் வில்லியம் ஆண்டர்சன் என்ற அறுவை மருத்துவரும் 39 வயது மனிதர் ஒருவரிடம் அதே புள்ளிகளைப் பார்த்து எழுதினார். இருவரும் தனித்தனியாகவே இதைக் கண்டார்கள்.

அந்தப் புள்ளிகளுக்கு ஆஞ்சியோகெரட்டோமா என்று பெயர். தோலின் மேற்பகுதியில் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்கள் விரிந்து, மேலே தோல் சற்றுத் தடித்திருக்கும். புற்றுநோய் அல்ல, புள்ளியால் மட்டும் ஆபத்தில்லை. ஆனால் ஆண்டர்சன் அத்தோடு விடவில்லை. நோயாளியின் சிறுநீரில் புரதம் போவதைக் கண்டவர், கோளாறு தோலில் மட்டுமல்ல, உடம்பெங்கும் உள்ள ரத்தக்குழாய்களில் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்.

அந்தச் சந்தேகம் உறுதிப்பட அரை நூற்றாண்டு ஆனது. 1947இல் நெதர்லாந்து மருத்துவர்கள், இந்த நோயால் இறந்த இருவரின் உடலைப் பரிசோதித்து, ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஏதோ ஒரு பொருள் தேங்கியிருப்பதைக் கண்டார்கள். அது ஒருவகைக் கொழுப்பு என்பது 1963இல் தெரிந்தது. அதைச் சிதைக்க வேண்டிய என்சைம் இவர்கள் உடம்பில் இல்லை என்பதை 1967இல் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடி குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த என்சைமை மருந்தாக்கி நரம்பு வழியே ஏற்றும் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2001இலும் அமெரிக்காவில் 2003இலும் அனுமதி கிடைத்தது. இன்று இதை ஃபாப்ரி நோய் என்கிறோம்.

இது பரம்பரை நோய். குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நோயுள்ள தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. குறையுள்ள தாயிடமிருந்து மகனுக்கோ மகளுக்கோ போக பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இதை ஏன் எழுதுகிறேன்? இந்த நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் நெருப்பாய் எரியும். வியர்வை சரியாக வராது. வெயிலில் ஓடினால் எரிச்சல் கூடும். வெளியே பார்த்தால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும்.

நான் வேலை பார்த்த காலத்தில், "கால் எரியுது சார்" என்று விளையாட்டுப் பாடவேளையில் ஒதுங்கி நின்ற ஒரு பையனை, சாக்குச் சொல்கிறான் என்று திட்டி ஓடவிட்டேன். அவனுக்கு இந்த நோய் இருந்தது என்று சொல்லவில்லை. என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

வயதானால் நம்மில் பலர் உடம்பிலும் சிவப்பு மச்சங்கள் வரும், அதற்காகப் பயப்படாதீர்கள். ஆனால் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையே கொத்துக்கொத்தாய் இப்படிப் புள்ளிகளும், கூடவே கைகால் எரிச்சலும், குடும்பத்தில் இளவயதில் சிறுநீரக அல்லது இதய நோயும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்களுக்கு ரத்தத்தில் என்சைம் அளவு பார்ப்பார்கள். பெண்களுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படும். சிறுநீரகமும் இதயமும் கெடுவதற்கு முன் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வலிக்கிறது என்றால், முதலில் நம்புங்கள்.