பிடி (வினைச்சொல்)

பிடி என்பது தமிழில் மிகுதியாகப் புழங்கும் வினைகளுள் ஒன்று. கையால் பற்றுதல் இதன் அடிப்படைப் பொருள். ஆயினும் கடலூர் முதுநகரில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்குவதற்குள் காதில் விழும் 'பிடி'களில் கைக்கு வேலை உள்ளவை சிலவே. பஸ்ஸைப் பிடிக்கிறார்கள், ஜன்னலோர இடம் பிடிக்கிறார்கள், வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். சம்பளத்தில் பிடித்தம் போகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்றும் சில நாள் கேட்க நேரும்.

பிடிக்கிறான், பிடித்தான், பிடிப்பான் எனத் திரியும் இவ்வினை, பேச்சில் 'புடி' ஆகிறது. வீடு 'வூடு' ஆவதும் பெட்டி 'பொட்டி' ஆவதும் இதே வழியில்தான்: முன்னால் இதழொலி, பின்னால் நாவளை ஒலி என்றிருந்தால் இடையிலுள்ள உயிர் குவிந்துவிடும். மலையாளத்தில் இச்சொல் பிடி என்றே நிற்கிறது. கன்னடத்தில் பகரம் ஹகரமானதால் 'ஹிடி' ஆயிற்று. தெலுங்கில் முட்டியைக் குறிக்கும் 'பிடிகிலி'யும் இந்தக் குடும்பத்துச் சொல்லே.

இவ்வினையின் பொருள்களை எண்ணி அடுக்குவதைவிட, யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பது தெளிவு தரும். 'நான் நண்டு பிடித்தேன்' என்பதில் பிடிப்பவன் நான். 'எனக்குச் சளி பிடித்தது' என்பதில் பிடிபட்டவன் நான். பேய், பைத்தியம், சனி ஆகியவையும் இப்படியே ஆளைப் பிடிக்கின்றன. இரும்பைத் துரு பிடிக்கிறது, ஊறுகாயைப் பூசணம் பிடிக்கிறது. இந்த வரிசையின் கடைசியில் நிற்பது விருப்பம். 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்ற தொடரில் 'நான்' எழுவாயாக வருவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு' ஆகிவிடுகிறது. வினையும் 'பிடிக்கும்', 'பிடித்தது', 'பிடிக்காது' என்று அஃறிணை ஒருமையிலேயே நிற்கும். பசிக்கிறது, தெரியும், புரிகிறது போன்றவற்றுக்கும் இதே அமைப்புதான். காய்ச்சலுக்கும் காதலுக்கும் ஒரே இலக்கணம் வாய்த்திருப்பதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை. இலங்கைத் தமிழில் இந்த இடத்தில் 'எனக்கு விருப்பம்' என்பதை அதிகம் கேட்கலாம்.

தொழில்கள் இச்சொல்லுக்கு மேலும் பொருள்களைச் சேர்த்துள்ளன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிப்பதை அரசாணையும் நாளிதழும் 'மீன்பிடித் தடைக்காலம்' என்கின்றன. மீனவர் பேச்சிலோ 'தொழிலுக்குப் போனோம்' என்பதே மிகுதி. கிடைத்தது 'மீன்பாடு', மீன் படுகிறது, அவ்வளவுதான். வலைக்குள் வருவதும் வராததும் மீனின் பாடு என்ற அடக்கம் அதில் இருக்கிறது. பிச்சாவரம் உப்பங்கழியில் நீருக்குள் கையால் துழாவி இறால் எடுக்கும் இருளர்களின் வேலைக்குத்தான் 'பிடித்தல்' முழுப் பொருளோடு பொருந்துகிறது.

வயலில் நட்ட நாற்று மஞ்சள் தெளிந்து நிமிர்ந்தால் 'பச்சை பிடித்தது' என்பார்கள். பிறகு கதிரில் பால் பிடிக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் பிஞ்சு பிடிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் அந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. அதற்குப் பின் வைத்த கன்றுகள் வேர் பிடிக்கின்றனவா என்று பார்த்திருந்ததுதான் அங்கே பலருக்கு வேலை. கொள்ளளவைச் சொல்லவும் இதே வினை உதவுகிறது: குடம் பத்து லிட்டர் பிடிக்கும், வீராணம் ஏரி நிரம்பினால் 1,465 மில்லியன் கனஅடி பிடிக்கும். ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பு நீர்ப்பிடிப்புப் பகுதி.

சிதம்பரத்துக்கே உரிய பிடி, தேர் வடத்தினுடையது. ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் ஒட்டி மூலவர் நடராஜரே தேரேறி நான்கு வீதிகளைச் சுற்றுகிறார். உடன் வருபவற்றோடு தேர்கள் ஐந்து. 'தேர் இழுத்தல்' உழைப்பைச் சொல்கிறது. 'வடம் பிடித்தல்' மரியாதையைச் சொல்கிறது. பிரமுகர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்தார் என்று செய்தி வரும். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் வேறு.

சமையலறையில் கொழுக்கட்டை பிடிப்பது நல்ல காரியம், கொத்சு அடிபிடிப்பது கெட்ட காரியம். தையற்காரர் இடுப்பில் ஓர் அங்குலம் பிடித்துத் தைக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். ஒருவரின் கையைப் பிடிப்பது உறவு, காலைப் பிடிப்பது கெஞ்சல், காக்கா பிடிப்பது முகத்துதி. கிரிக்கெட் ஆடும் பையன்கள் 'கேட்ச் புடிடா' என்று கத்துகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் பொருளும் பிடிதான் என்பது அவர்களைத் தடுப்பதில்லை. அவர்களுக்குக் 'கேட்ச்' பெயர், 'புடி' வினை.

பற்று, கவ்வு, கவர், அள்ளு, மடக்கு ஆகியவை ஒருபொருட் சொற்கள் எனப்படும். ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடிவது அரிது. கவ்வுவதற்கு வாய் வேண்டும். மடக்குவதற்குத் தெருமுனை வேண்டும். மிக நெருங்கிய 'பற்று' தீயோடும் கொடியோடும் இயல்பாகச் சேரும், கணக்கேட்டில் வரவுக்கு எதிரில் நிற்கும். ஆனால் 'எனக்குக் கொத்சு பற்றும்' என்று யாரும் சொல்வதில்லை. சிக்கு, மாட்டு, அகப்படு மூன்றும் பிடிபட்டவன் பக்கத்துச் சொற்கள். இவற்றோடு சேரும் 'பிடிபடு' தனித்தது: திருடனும் பிடிபடுவான், புரியாத கணக்கும் பிடிபடும். நேர் எதிர்ச்சொல் 'விடு'.

ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்ற இரண்டையும் தொகுப்பது தமிழில் பழைய வேலை. திவாகர நிகண்டில் செயல் பற்றிய பெயர்களுக்கு ஒரு தொகுதியும் ஒருசொல் பல்பொருளுக்கு ஒரு தொகுதியும் உள்ளன. சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அடுக்கிய முதல் நூலான அகராதி நிகண்டைச் செய்தவர் சிதம்பரம் ரேவணசித்தர், ஆண்டு 1594. 'அகராதி' என்ற பெயரே அந்நூலிலிருந்துதான் நிலைத்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் சொல்லின் பல பொருளுக்குப் பெயரகராதி, பொருளின் பல சொல்லுக்குப் பொருளகராதி எனப் பிரித்துக்கொண்டது. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை வேர்ச்சொல் ஆய்வு செய்தார். மொழியியல் துறையை ச. அகத்தியலிங்கம் வளர்த்தார். பேச்சிலும் எழுத்திலும் வாழும் பொருள்களை எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பிரித்துத் தந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தது.

பெயர்ச்சொல்லாக வரும் பிடி வாளின் கைப்பிடியையும், வீட்டுக்கு வீடு எடுத்து வைக்கும் பிடி அரிசியின் அளவையும் குறிக்கும். சங்கப் பாடல்களில் களிற்றோடு நடக்கும் பெண்யானைக்கும் பிடி என்றே பெயர்.